செட்டிநாட்டுப் பேய்க்கதை எங்கே சிக்குகிறது? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

முதல் படியை எழுதி முடித்துவிட்டு, "எல்லாம் இருக்கு, ஆனா ஏதோ இல்லை" என்று உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது. இன்னும் எழுதத் தொடங்காதவர்கள் போய் எழுதிவிட்டு வாருங்கள். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் கதைக்கு எந்த அறிகுறி பொருந்துகிறதோ அங்கே நேராகப் போகலாம்.

விளக்குவதற்கு வசதியாக ஒரு கற்பனைக் கதையைக் கையில் வைத்துக்கொள்வோம். 1938. எட்டு வயதுப் பையன் ஒருவனைப் பிள்ளை இல்லாத வீட்டுக்குப் பிள்ளை கூட்டி, அதாவது தத்தெடுத்து, போகிறார்கள். பிறந்த வீட்டில் அவன் சுப்பையா, போன வீட்டில் அருணாசலம். எழுபது வயதில், ஒரு பாகப்பிரிவினைக் கையெழுத்துக்காகப் பிறந்த வீட்டுக்கு வருகிறார். இரண்டாம் கட்டில், அதாவது வீட்டின் இரண்டாவது பகுதியில், எட்டு வயது சுப்பையா இன்னும் உட்கார்ந்திருக்கிறான். செத்துப்போகாத ஒருவருடைய பேய். இந்தக் கதையிலும் பிழைகள் வரும், பார்ப்போம்.

அறிகுறி: பேய் வருகிறது, யாரும் பயப்படவில்லை

முதலில் உடையைப் பாருங்கள். வெள்ளைச் சேலையா? அங்கேயே கதை போயிற்று. நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளில் கணவனை இழந்த பெண்கள் வெள்ளைதான் உடுத்தினார்கள். பழைய காலத்துப் பெரிய வீட்டில் ராத்திரி இரண்டு மணிக்கு வெள்ளைச் சேலையில் ஒருவர் வளவை, அதாவது வீட்டு நடுமுற்றத்தை, சுற்றி நடந்தால், அது தூக்கம் வராத பெரியாத்தா. அதைப் பார்த்துக் கதாநாயகன் அலறினால், காரைக்குடிப் பக்கத்து வாசகர் சிரித்துவிடுவார்.

உடையை மாற்றினால் மட்டும் சரியாகாது. இந்தப் பக்கத்தில் செத்தவர்கள் வெளியாட்கள் இல்லை. படைப்பு என்று ஒன்று உண்டு. பங்காளிகள் கூடி, புதுத்துணி வைத்து, இலை போட்டு, முன்னோருக்குப் படைப்பார்கள். வாழ்ந்து முடிந்தவருக்கும் இடம் உண்டு, வாழாமல் போன கன்னிக்கும் இடம் உண்டு. இலை போட்டுக் கூப்பிட்டுச் சாப்பிட வைக்கிற ஒருவரைப் பார்த்து எப்படிப் பயப்படுவது? சினிமாவிலிருந்து எடுத்து வந்த பேய் இங்கே எடுபடாததற்கு இதுதான் காரணம்.

அப்படியானால் பயம் எங்கே இருக்கிறது? கணக்கில் வராமல் போனவரிடம் இருக்கிறது. கோயில் கணக்கில் கல்யாணம் ஆன தம்பதி ஒரு புள்ளி. துணையை இழந்தவர் அரைப்புள்ளி. ஒரு மனிதரை எண்ணிக்கையாக எழுதி, அந்த எண்ணிக்கைக்கு வரி போட்டு, முறை வைத்து வாழ்ந்த ஊர்கள் இவை. புள்ளியிலும் ஏறாமல், படைப்பிலும் பெயர் இல்லாமல் ஒருவர் வீட்டுக்குள் இருந்தார் என்றால், அவர்தான் உங்கள் பேய். அடுப்படியில் காலமெல்லாம் வேலை பார்த்தவர், ரங்கூனில் குடும்பம் வைத்து ஊருக்குச் சொல்லாமல் விடப்பட்டவள், பிள்ளை கூட்டிப் போனதால் பிறந்த வீட்டுப் பேச்சிலிருந்தே எடுக்கப்பட்ட சுப்பையா.

சோதித்துப் பார்க்க மூன்று கேள்விகள். இந்தப் பேய்க்கு யார் படைத்திருக்க வேண்டும்? ஏன் படைக்கவில்லை? இப்போது படைத்துவிட்டால் போய்விடுமா? முதல் இரண்டுக்குப் பதில் இல்லை என்றால் பேயை வெட்டிவிடுங்கள். மூன்றாவதற்கு "போய்விடும்" என்றால் கையில் சிறுகதை இருக்கிறது. "போகாது" என்றால் நாவல்.

காட்சியை எப்படித் திருத்துவது? சத்தத்தைக் குறைத்து எண்ணிக்கையைக் குழப்புங்கள். பந்திக்குப் பதினாறு இலை போடுகிறார்கள். பதினாறு பேர் உட்காருகிறார்கள். பரிமாறுகிற ஆச்சி சாம்பார் வாளியோடு பாதி பந்தி வந்த பிறகு நினைக்கிறார்: நாம் சமைத்தது பதினைந்து பேருக்குத்தானே? திரும்பி முதலிலிருந்து முகம் முகமாகப் பார்க்கிறார். எல்லாம் தெரிந்த முகங்கள். புதியவர் ஒருவர்கூட இல்லை. இதற்கு மேல் ஒரு வரியும் எழுத வேண்டாம், அடுத்த காட்சிக்குப் போய்விடுங்கள்.

அறிகுறி: வீடு அழகாக இருக்கிறது, கதை நகரவில்லை

பர்மாத் தேக்கு, இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு, ஆத்தங்குடிக் கல். இந்த ஐந்தும் உங்கள் முதல் இரண்டு பக்கத்தில் இருந்தால், நீங்கள் எழுதியது கானாடுகாத்தானுக்குச் சுற்றுலா வருகிறவர்களுக்கான கையேடு. ஐந்தையும் அடித்துவிட்டு மறுபடி படியுங்கள். கதை எங்கேயும் உடையவில்லை என்றால் அவை அங்கே தேவைப்படவே இல்லை.

பொருளை விட்டுவிட்டு வீட்டின் அமைப்பைப் பிடியுங்கள், அதில்தான் பயம் ஒளிந்திருக்கிறது. முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில். முகப்புத் திண்ணையில் நின்று பார்த்தால் நிலைக்கதவுக்குப் பின் நிலைக்கதவு, வெயில், நிழல், வெயில், நிழல் என்று கடைசியில் கைகுட்டை அளவு பின்வாசல் தெரியும். அந்தக் கைகுட்டை வெளிச்சத்தை யாரோ குறுக்கே நடந்து மறைத்தால் போதும். போய்ப் பார்ப்பதற்கு நாலு கட்டைத் தாண்ட வேண்டும். ஒவ்வொரு நிலையிலும் உங்கள் ஆள் தலை குனிய வேண்டும். குனிகிற நேரத்தில் எதிரே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

வளவைச் சுற்றி அறைகள். கல்யாணம் ஆன ஒவ்வொரு மகனுக்கும் தனியாக விட்ட அறைகள். கல்யாணத்துக்குப் பிறகு வேறு வைத்துவிடுவார்கள்: கூரை ஒன்று, அடுப்பு தனித்தனி. இது கதைக்காரனுக்குக் கிடைத்த பெரிய சொத்து. ஒரே வீட்டில் ஐந்து அடுப்பு எரிந்த காலத்தில், ஆறாவதாக ஒரு தாளிப்பு வாசனை வந்தால் யார் வீட்டுச் சமையல் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இப்போது வீட்டில் காவல்காரர் ஒருவர்தான். அவரும் டீக்கடையில் சாப்பிடுகிறார். இப்போது வாசனை வந்தால்?

பூட்டிய அறைக்கும் இங்கே மந்திரம் மாயம் தேவையில்லை. ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பலர். ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் எங்கே என்று தெரியாது. எல்லாரும் கையெழுத்துப் போடாமல் விற்க முடியாது, சாவி வைத்திருப்பவர் வராமல் திறக்க முடியாது. உங்கள் அறை ஏன் அறுபது வருடமாகப் பூட்டிக்கிடக்கிறது என்பதற்கு "சாபம்" என்று எழுதியிருந்தால் அடித்துவிட்டு "பாகம் முடியவில்லை" என்று எழுதிப் பாருங்கள். எனக்கு இரண்டாவதுதான் அதிகம் குளிரடிக்கிறது. நம் அருணாசலம் கையெழுத்துப் போட வந்ததும் இதனால்தான்.

அறிகுறி: வரலாறு வரும் இடத்தில் வாசகர் தள்ளிக்கொண்டு போய்விடுகிறார்

காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். அப்பச்சி ஒருவர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, "1941 டிசம்பர் 23ஆம் தேதி ரங்கூன் மேல ஜப்பான்காரன் குண்டு போட்டான்" என்று ஆரம்பித்து இரண்டு பக்கம் பேசுவார். அவர் சொல்வது அத்தனையும் சரியாகவே இருக்கட்டும். கேட்கிற மகனுக்கு அது ஏற்கெனவே தெரியும், அல்லது தெரிய வேண்டிய அவசியம் இல்லை. வாசகருக்கும் அப்படியே.

இன்னொரு காரணம், எல்லாரும் எழுதும் வரலாற்றையே நீங்களும் எடுத்திருப்பது. கப்பலேறிப் போனார்கள், சம்பாதித்தார்கள், அரண்மனை கட்டினார்கள். இதில் பேய் நுழைய இடுக்கே இல்லை. இடுக்கு உள்ள இடங்களைச் சொல்கிறேன்.

1930இல் நெல் விலை சரிந்தது. கடன் வாங்கிய பர்மிய விவசாயிகளால் கட்ட முடியவில்லை. அடமான நிலங்கள் செட்டியார் வட்டிக்கடைகளின் கைக்கு வந்தன. 1930இல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சுமார் 6 சதவீத நிலம் அவர்களிடம் இருந்தது, 1938இல் கால்வாசி. நம் ஊரில் இதை இழப்பின் கதையாகத்தான் சொல்கிறோம், அந்த நிலம் பிறகு கைவிட்டுப் போனதால். நிலத்தை முதலில் இழந்தவனைப் பற்றி எந்த முகப்பிலும் படம் மாட்டியிருக்காது. ஒரு பேரேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே பிள்ளையார் சுழி, தமிழ் வருடம், மாதம், நடப்பு வட்டி. பற்று வரவில் ஒரு பர்மியப் பெயர். கணக்கப்பிள்ளை காதில் விழுந்தபடி தமிழில் எழுதியிருக்கிறார். மூன்று பக்கத்தில் மூன்று விதமாக இருக்கிறது. நாலாவது பக்கத்தில் ஆளே இல்லை, ஏக்கர் மட்டும் இருக்கிறது. இந்த ஆள் செட்டிநாட்டு வீட்டுக்கு வந்தால் எந்தப் பெயரைச் சொல்லி அவனை விரட்டுவீர்கள்?

1942இல் லட்சக்கணக்கானோர் பர்மாவிலிருந்து இந்தியாவுக்குத் தப்பி வந்தார்கள். கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் காட்டையும் மலையையும் நடந்தே கடந்தார்கள், வழியில் இறந்தவர்கள் ஏராளம். முதலாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். கடையில் எடுபிடியாக இருந்த பெட்டியடிப் பையன்கள், சமையல்காரர்கள், கூட வந்த கூலிகள் யார் யார்? அப்புறம் 1964. கடைகள் நாட்டுடைமை ஆயின. 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. திரும்பி வந்தவர்களில் சிலர் தமிழ்நாட்டில் ஒட்ட முடியாமல் தரை வழியாகவே பர்மாவுக்குப் போகப் பார்த்து, எல்லையில் தடைபட்டு, மணிப்பூரின் மோரேயில் தங்கிவிட்டார்கள். இன்றும் அங்கே தமிழ்க் கோயில் இருக்கிறது. ஊருக்கும் வராமல் போன இடத்துக்கும் போகாமல் நடுவழியில் குடியேறிய மக்கள். பேய்க்கதைக்கு இதைவிட என்ன வேண்டும்?

பொருள் தேட வேண்டுமா? காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போங்கள். பெரிய வீடுகளிலிருந்து வெளியே வந்தவை அங்கேதான் குவிந்திருக்கின்றன: மங்குச் சாமான், பூட்டு, தூண், கண்ணாடி போட்ட படம். பித்தளைப் பாத்திரத்தைத் திருப்பிப் பாருங்கள், விலாச எழுத்து (குடும்பத்தை அடையாளம் காட்டும் முதலெழுத்துகள்) வெட்டியிருக்கும். சீராக வந்த பாத்திரம் யார் வீட்டிலிருந்து யார் வீட்டுக்குப் போனது, ஏன் கடைக்கு வந்தது என்பதிலேயே ஒரு கதை ஓடும். சீர்ச் சாமான் பட்டியல் கையில் கிடைத்தால் விடாதீர்கள். கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா, புத்தகங்களோடு கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ் என்று மற்றவர்கள் தூக்கிப் போட்டதையும் சேர்த்து வைத்தார். அந்தச் சேகரிப்பை வைத்துத்தான் 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. ஒரு பழைய பத்திரிகையை எடுத்து, யார் பெயர் அதில் இருக்க வேண்டியது இல்லாமல் இருக்கிறது என்று பாருங்கள். தேடல் அப்படித்தான் ஆரம்பிக்கும்.

எழுதும்போது ஒரு காட்சிக்கு ஒரு வரலாற்றுத் தகவல் போதும். அதுவும் யாராவது ஒருவர் மறைக்கப் பார்க்கிற தகவலாக இருக்கட்டும். அப்பச்சி சொன்னால் பாடம். சொல்ல மறுத்தால் கதை.

அறிகுறி: நாயகன் கடைசியில் மாறிவிடுகிறான், நம்ப முடியவில்லை

பேயைப் பார்த்தான், திருந்தினான், வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து வீட்டைப் புதுப்பித்தான். இப்படி முடிகிற கதைகள் எக்கச்சக்கம். பிழை கடைசிப் பக்கத்தில் இல்லை. மாற்றம் நடக்க வேண்டிய இடம் கதையின் நடுவில் இருந்தது, அதை நீங்கள் எழுதாமல் தாண்டிவிட்டீர்கள்.

இந்த மண்ணில் மனிதர்கள் எப்படியெல்லாம் வேறு ஆளாக மாறினார்கள் என்று யோசியுங்கள். மீசை முளைக்காத பையன் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் பார்க்க, போய் மூன்று வருடக் கணக்கு முடித்துத் திரும்பி வருவான். பெற்ற ஆத்தாளே ஒரு நொடி தயங்குவாள். தனியாக இருந்த பெண் வீடு, வயல், வழக்கு எல்லாவற்றையும் ஆண்டிருப்பாள். வந்தவனுக்கு அவளிடம் பேசப் பயமாக இருக்கும். புள்ளி ஒரே நாளில் அரைப்புள்ளி ஆகும். இவை எல்லாம் முறைப்படி, சடங்கோடு, சாட்சியோடு நடந்த மாற்றங்கள். மாறியவரை யாரும் "உனக்குச் சம்மதமா" என்று கேட்டதில்லை. கதை அங்கே இருக்கிறது.

சுப்பையாவுக்கு வருவோம். பிள்ளை கூட்டி வந்த வருடம், மார்கழியில் பிள்ளையார் நோன்பு. திருக்கார்த்திகையிலிருந்து இருபத்தோராம் நாள். புதுத்துணியிலிருந்து பிரித்த இருபத்தோரு இழையைத் திரியாக்கி, இனிப்பு மாவில் நட்டு, நெய்யில் தோய்த்து ஏற்றி, வீட்டில் மூத்தவர் ஒவ்வொருவருக்கும் கொடுப்பார். எரிகிற சுடரோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். வளவில் எல்லாரும் நிற்கிறார்கள்.

"அருணாசலம்."

பையன் அசையவில்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

"அருணாசலம், வாப்பா. ஒன்னத்தான்."

திரி பாதி எரிந்துவிட்டது. நெய் பெரியவரின் விரலில் வழிகிறது, அவர் கையை எடுக்கவில்லை. எல்லாரும் பையனைப் பார்க்கிறார்கள். அவன் போகிறான், வாயைத் திறக்கிறான். நாக்கில் சூடு, இனிப்பு, புகை. விழுங்கிவிட்டான்.

கதையில் மாற்றம் நடந்த நொடி இதுதான். இந்தக் காட்சி இருந்தால், எழுபது வயதில் பிறந்த வீட்டில் அவர் பார்க்கும் பையனைப் பற்றி நீங்கள் எதையும் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பையன் வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும்.

உங்கள் கதையிலும் இதையே தேடுங்கள். யார், எந்தச் சடங்கில், எதை விழுங்கினார்? பேய் என்பது அப்போது விழுங்க மறுத்த பாதி. அது கிடைத்துவிட்டால் கடைசியில் நாயகன் திருந்தவே வேண்டாம். அருணாசலம் கையெழுத்துப் போடும்போது எந்தப் பெயரில் போடுகிறார் என்பது மட்டும் முடிவானால் போதும்.

அறிகுறி: கோடாங்கி வந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார்

உடுக்கை அடித்து, குறி சொல்லி, எந்த வருடம் யார் யாரைக் கொன்றார் என்பதுவரை ஒப்பித்துவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு போய்விடுவார். இது எழுத்தாளரின் சோம்பேறித்தனம். உண்மையில் குறி கேட்கப் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள். பாதி புரியாது, பாதி தப்பாக இருக்கும், ஒரே ஒரு வார்த்தை மட்டும் மனதில் தைக்கும். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு மீதியை வெட்டுங்கள். சாமியாடி, காவல் தெய்வம் எல்லாவற்றுக்கும் இதே மருந்து. கருப்பரும் முனியும் எல்லையைக் காப்பவர்கள். அவர்களைப் பேயோடு சேர்த்துக் குழப்பினால் ஊர்க்காரர் யாரும் மன்னிக்க மாட்டார்.

அறிகுறி: காலமும் எல்லையும் உதைக்கிறது

சின்னப் பிழைதான், ஆனால் தெரிந்தவர் கண்ணில் பட்டால் மொத்தக் கதையும் பொய்யாகிவிடும். சட்டென்று சரிபார்க்க:

- 1985க்கு முன் நடக்கும் கதையில் சிவகங்கை மாவட்டம் கிடையாது. 1910இலிருந்து அதுவரை காரைக்குடி, தேவகோட்டை எல்லாம் ராமநாதபுரம் ஜில்லா.
- செட்டிநாட்டின் ஒரு பகுதி 1948 மார்ச் வரை புதுக்கோட்டை சமஸ்தானம். அடுத்த ஊருக்கு ஓடினால் வேறு ஆட்சி, வேறு போலீஸ். கதைக்கு இது நல்ல வசதியும்கூட.
- 1937 ஏப்ரல் வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். ரங்கூன் போகக் கப்பல்தான், ரயில் இல்லை.
- ஆத்தங்குடிக் கல் சிமென்டில் செய்வது. 1850இல் அதன் மேல் பேயை நடக்கவிடாதீர்கள்.

அறிகுறி: எல்லாரும் ஒரே மாதிரிப் பேசுகிறார்கள்

உறவுமுறையைச் சரிசெய்தால் பாதி குணமாகும். அப்பச்சி அப்பா, தாத்தா இல்லை. அப்பாவைப் பெற்றவள் அப்பத்தா, அம்மாவைப் பெற்றவள் ஆயா. மரியாதையோடு கூப்பிட ஆச்சி. வேலைக்கு இருப்பவர்களுக்கும் அவரவர் பேச்சு உண்டு, அதை அவர்களுக்கே விடுங்கள். எல்லா வரியிலும் "ஆத்தி" போட்டால் வட்டார வழக்கு வந்துவிடாது, வாசகருக்கு இருமல்தான் வரும்.

அறிகுறி: படித்த ஒருவர் "இது எங்க வீட்டுக் கதை" என்று சண்டைக்கு வருகிறார்

இது வரும் என்று வைத்துக்கொண்டே எழுதுங்கள். சின்ன ஊர்கள், ஒருவரை ஒருவர் விலாசத்தை வைத்தே சொல்லிவிடுவார்கள். ஊரை மாற்ற வேண்டாம். விலாசத்தையும், பிள்ளைகள் எண்ணிக்கையையும், போன நாட்டையும் மாற்றுங்கள். மலாயா போனவரை சைகோனுக்கு அனுப்புங்கள். உயிரோடு இருக்கும் யாருடைய பிள்ளை கூட்டல், சொத்து வழக்கு, கல்யாணப் பிரிவு எதையும் அப்படியே எடுக்காதீர்கள். படைப்பு வீட்டுக்குள் விருந்தாளியாகப் பார்த்ததைக் கேட்காமல் எழுதுவதும் முறை இல்லை. கேட்டால் பெரும்பாலும் அவர்களே கூடுதலாக இரண்டு விஷயம் சொல்வார்கள்.

இத்தனை செய்த பிறகும் யாராவது போன் போட்டு, "அந்தப் பூட்டின ரூம் எங்க வீட்டு ரூம்தானே?" என்று கேட்டால் வாதாடாதீர்கள். எந்தக் கட்டில், எந்தப் பக்கத்து அறை என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.